புக்கிட் தீமா மோட்டார்த் தொழிற்சாலை

தோட்டத்து லாரி மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் இடது காலால் கிளட்சை மிதிப்பதை நம் பிள்ளைகளும் கண்டிருப்பார்கள். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள வட்டத் தட்டு, மிதித்தால் பிடி விடும். காலை எடுத்தால் பற்றிக்கொள்ளும். அதைப் பூட்டுவது நுட்பமான வேலை. தட்டு நடுவில் நில்லாவிட்டால் கியர் பெட்டியின் தண்டு உள்ளே நுழையாது. ஆகவே கைதேர்ந்தவர் பழைய தண்டு ஒன்றைச் செருகி நேர்பார்த்த பிறகே திருகாணிகளை முடுக்குவார்.

எஞ்சின், கியர் பெட்டி முதலியவற்றை இணைத்து மோட்டார் வண்டியாக்க, 1941 அக்டோபரில் சிங்கப்பூர் அப்பர் புக்கிட் தீமா சாலையில் போர்டு கம்பெனி தொழிற்சாலை திறந்தது. சில மாதங்களே சென்றன. 1942 பிப்ரவரி 15-ம் நாள், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் அக்கட்டிடத்திலேயே ஜப்பானியத் தளபதி யாமஷிட்டாவிடம் சரணடைந்தார். 17-ம் நாள், சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

பிறகு அத்தொழிற்சாலையில் நிஸான் கம்பெனி ஜப்பானியப் படைக்கு லாரிகளைப் பூட்டியது. மலாயாத் தோட்டங்களிலிருந்தோ நம்மவர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். சரணாகதியைச் சொல்லும் சரித்திர நூல்கள் இவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கினாலே அதிகம்.

1947-ல் போர்டு மீண்டும் வேலை தொடங்கி, 1980-ல் ஆலையை மூடிற்று. 2006 முதல் அது போர்க்கால நினைவுக் காட்சிசாலையாக இருக்கிறது.