ரெண்டு பத்து வளையல்
1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது நம் தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழு. அந்த வழியில் வந்த எங்கள் குழு வளையல் தொழில் ஆரம்பித்த கதை இது.

ஒரு வளைகாப்பில் அந்தப் பொண்ணுக்குக் கை வீங்கியிருந்தது. சோப்பு போட்டும் வளையல் ஏறலை. எல்லார் முன்னாடியும் கண் கலங்கிட்டா. கடையில் 2.4, 2.6 தான் நிறைய இருக்கும். 2.6 என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலம், அதோடு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கு. களை பறிச்ச கைக்கு 2.10 வேணுமே!

குழுவில் உள்கடன் எடுத்து வெறும் வளையல், பட்டு நூல், பசை வாங்கினோம். 2.2 முதல் 2.12 வரை செய்தோம். எல்லா அளவுக்கும் ஒரே விலை. பெரிய அளவு தேங்கிடுமோன்னு பயந்தோம். அதுதான் முதலில் தீர்ந்தது. கடனையும் அடைத்தோம். அந்தப் பொண்ணும் இப்போ எங்களோடு நூல் சுற்றுகிறாள்.