எந்த மாதம், எந்தக் கடற்கரை? மலேசியாவுக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விடுப்பு கிடைச்சாச்சு. நண்பர்கள் குழுவில் ஒருவர் நீலக் கடல் படம் ஒன்றைப் போட்டுவிட்டார். அடுத்த கேள்வி: "ஆளுக்கு எவ்வளவு வரும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "எந்த மாசம் போறோம்?"

தீபகற்ப மலேசியாவுக்குக் கிழக்கே தென்சீனக் கடல், மேற்கே மலாக்கா நீரிணை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஜூனில் அடிமணல் தெரியுமளவுக்குத் தெளிவாக இருக்கும் தியோமான் கடல், டிசம்பரில் படகுகளையே கரையில் நிறுத்திவிடும். இதைத் தெரிந்துகொண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பணமும் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.

காற்றுதான் முடிவு செய்கிறது

சுமார் நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அது தென்சீனக் கடலைக் கடந்து நேராகக் கிழக்குக் கரையில் மோதும். கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பகுதி ஆகியவற்றில் கனமழை, உயரமான அலை, சில நேரம் வெள்ளம்.

தீபகற்பத்தின் நடுவே தித்திவாங்சா மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்றையும் மழையையும் அது பெருமளவு தடுத்துவிடும். அதனால் அதே டிசம்பரில், ஜனவரியில் லங்காவியில் வெயில் அடிக்கும்.

மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது கிழக்குக் கரைக்கு நல்ல காலம். மேற்குக் கரையில் 'சுமாத்ரா' எனப்படும் திடீர்ப் புயல்காற்று விடியற்காலையில் வந்து ஒரு மணி நேரம் ஆட்டிவிட்டுப் போகும். ஆனாலும் மேற்குக் கரை முழுசா மூடிவிடுவதில்லை. கிழக்குக் கரைத் தீவுகள்தான் கிட்டத்தட்ட மூடிவிடும்.

சுருக்கமாக:

- மார்ச் விடுமுறை: மேற்குக் கரை நல்லது. கிழக்குத் தீவுகள் அப்போதுதான் மீண்டும் திறக்கத் தொடங்கும்.
- ஜூன் விடுமுறை: கிழக்குக் கரைக்கு மிகச் சிறந்த நேரம். கூட்டமும் அதிகம்.
- செப்டம்பர் விடுமுறை: கிழக்குக் கரை இன்னும் நன்றாக இருக்கும். லங்காவியில் மழை கூடும்.
- நவம்பர், டிசம்பர் விடுமுறை: கிழக்குத் தீவுகளை மறந்துவிடுங்கள். டிசம்பர் பிறந்ததும் லங்காவி, பினாங்கு பக்கம் பார்க்கலாம்.

கிழக்குக் கரை: தெளிந்த தண்ணீர் வேண்டுமா?

பவளப் பாறையும் வண்ண மீன்களும் பார்க்க ஆசை என்றால் கிழக்குதான்.

டெசாரு: சிங்கப்பூருக்கு மிக அருகில் இருப்பது. தானா மேரா படகுத்துறையிலிருந்து நேரடிப் படகுச் சேவை 2022இல் தொடங்கியது. நீண்ட மணல் கரை, பெரிய நீர் விளையாட்டுப் பூங்கா, தங்கும் விடுதிகள் என்று எல்லாம் ஒரே இடத்தில். ஒரு விஷயம்: இது திறந்த கடல். பார்க்கச் சாந்தமாகத் தெரியும் நாளிலும் இழுப்பு பலமாக இருக்கலாம்.

தியோமான்: பகாங் மாநிலத் தீவு. ஆனால் பெரும்பாலோர் ஜொகூரின் மெர்சிங்கிலிருந்துதான் படகு ஏறுவார்கள். மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் வற்றும் நேரத்தில் படகு போக முடியாது. அதனால் படகு நேரம் தினமும் மாறும். அன்றைய நேரத்தைப் பார்த்த பிறகே சிங்கப்பூரிலிருந்து எப்போது கிளம்புவது என்று முடிவு செய்யுங்கள். தீவில் எந்தக் கிராமத்தில் தங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். தெக்கேக் கிராமத்தில் கடைகள் அதிகம். சாலாங் முக்குளிப்போருக்குப் பிடித்த இடம். ஜுவாரா கிழக்குப் பக்கம் அமைதியாக இருக்கும். கிராமங்களுக்கு இடையே சாலை குறைவு, பெரும்பாலும் படகுதான்.

செராதிங்: பகாங்கில் குவாந்தானுக்கு வடக்கே. எல்லாரும் கிழக்குக் கரையை விட்டு ஓடும் பருவமழைக் காலத்தில்தான் அலைச் சறுக்கு வீரர்கள் இங்கே வருவார்கள். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பயிற்றுநருடன் மட்டுமே இறங்குங்கள். இரவில் ஆற்றங்கரையில் மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கப் படகில் போகலாம்.

ரெடாங், பெர்ஹெந்தியான்: இரண்டும் திரங்கானுவைச் சேர்ந்தவை. ரெடாங்கில் பெரும்பாலும் சாப்பாடு, படகு எல்லாம் சேர்ந்த தொகுப்புப் பயணம். குடும்பத்தோடு போக வசதி. பெர்ஹெந்தியானுக்குக் குவாலா பெசுட்டிலிருந்து படகு. இங்கே 'கெச்சில்' தீவில் இளையர் கூட்டம், 'பெசார்' தீவில் கொஞ்சம் அமைதி.

இந்தக் கரையில் ஆமைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திரங்கானுவின் ரந்தாவ் அபாங் ஒரு காலத்தில் தோல்முதுகு ஆமைகளுக்கு உலகப் புகழ் பெற்ற இடம். 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் இருந்தன. இன்று அந்த ஆமை அங்கு ஏறக்குறைய வருவதே இல்லை. பல ஆண்டுகளாக முட்டைகளை எடுத்ததும், மீன்பிடி வலைகளில் சிக்கியதும் முக்கியக் காரணங்கள். 2022 ஜூன் மாதத்திலிருந்து திரங்கானுவில் எல்லா வகை ஆமை முட்டைகளையும் விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அதனால் யாராவது ரகசியமாக முட்டை விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முட்டையிட வரும் ஆமையின் மீது கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடிக்கவே கூடாது. பயந்து கடலுக்கே திரும்பிவிடும்.

மேற்குக் கரை: கடல் மட்டுமே காரணம் இல்லை

மேற்குக் கரைக்குப் போகும் முன் ஒன்றை மனசில் வெச்சுக்குங்க. மலாக்கா நீரிணையில் ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் சேறு அதிகம், அலுவிக் கிடக்கும் சதுப்புநிலக் காடும் அதிகம். தண்ணீர் பல இடங்களில் கலங்கலாகவே இருக்கும். அது அசுத்தம் என்று அர்த்தமில்லை. மீன் பார்க்கப் போனால்தான் ஏமாற்றம். மலை, சாப்பாடு, கோயில், வரலாறு எல்லாவற்றோடும் கொஞ்சம் கடல் என்று நினைத்துப் போனால் மனம் நிறையும்.

லங்காவி: 99 தீவுகளின் கூட்டம் என்று சொல்வார்கள். 2007இல் யுனெஸ்கோவின் உலகப் புவிப் பூங்கா ஆனது. கிலிம் பகுதியில் சுண்ணாம்புப் பாறைகளுக்கும் சதுப்புநிலக் காட்டுக்கும் நடுவே படகில் போகலாம். கம்பிவட வண்டியில் ஏறினால் 125 மீட்டர் நீளமுள்ள தொங்கும் பாலத்துக்குப் போகலாம். காற்று பலமாக வீசும் நாளில் மூடிவிடுவார்கள். அதனால் முதல் நாளே போய்விடுங்கள், தவறினாலும் இன்னொரு நாள் இருக்கும். மீன்தான் பார்க்க வேண்டும் என்றால் பாயார் தீவுக் கடல் பூங்காவுக்கு ஒருநாள் பயணம் போகலாம்.

பினாங்கு: பத்து பெரிங்கி கடற்கரை பேர்பெற்றது. ஆனால் பினாங்கின் உண்மையான விருந்து ஜார்ஜ் டவுன் தெருக்களில். 2008இல் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுடைமைத் தலமானது. தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. தேர் ஊர்வலத்தையும் தண்ணீர்மலை முருகன் கோயிலையும் பார்க்க அது சரியான நேரம். அறைகளை மட்டும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

பூஜாங் பள்ளத்தாக்கு: பினாங்கிலிருந்து வடக்கே காரில் போனால் கெடாவின் மெர்போக் வரும். சோழர் வரலாற்றில் 'கடாரம்' என்று படித்த ஊர் இந்த வட்டாரம்தான். 1025ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை இங்கே வந்தது. ஜெராய் மலையடிவாரத்தில் பழைய இந்து, பௌத்த வழிபாட்டிடங்களின் அடித்தளங்களைப் பார்க்கலாம். அரை நாள் போதும்.

பங்கோர்: பேராக்கின் லுமுட்டிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். தெலுக் நிப்பா கரையில் மாலையில் இருவாய்ச்சிப் பறவைகள் கூட்டமாக வரும். மாசி மகத்தின்போது கடலோரப் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு நாடு முழுவதிலிருந்தும் தமிழர்கள் வருவார்கள். அந்த ஒரு சில நாள் தீவே மாறிவிடும். அமைதி வேண்டும் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். திருவிழா வேண்டும் என்றால் அந்த வாரமே போங்கள்.

போர்ட் டிக்சன்: கோலாலம்பூரிலிருந்து எளிதில் போகலாம். செலவும் குறைவு. பிப்ரவரி, மார்ச்சில் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குப் போனால், நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் பருந்துக் கூட்டத்தைப் பார்க்கலாம்.

யாரோடு போறீங்க?

பாட்டி, தாத்தா, கைக்குழந்தை உண்டா? படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் குதித்து இறங்க வேண்டிய தீவு சரிப்படாது. டெசாரு, பினாங்கு, லங்காவி போதும். மருத்துவமனை எவ்வளவு தூரம் என்றும் பார்த்துக்குங்க. நண்பர்களோடு மூன்று நாளா? தியோமான். ஐந்து நாள் இருந்தால் பெர்ஹெந்தியான். போக வரவே ஏறக்குறைய இரண்டு நாள் போய்விடும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

நவம்பரில் மலிவாகக் கிடைக்கிறதே?

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விலை இறங்கக் காரணம் உண்டு. படகு ரத்தானால் நீங்கள் கரையிலேயே நிற்பீர்கள். தீவுக்குப் போன பிறகு ரத்தானால் திரும்பி வர முடியாது. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: படகு ஓடாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? கூடுதல் இரவு தங்கும் செலவு யாருடையது? பயணக் காப்புறுதி பருவநிலைத் தாமதத்தை ஏற்குமா?

கிளம்பும் முந்தைய நாள் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். "அதெல்லாம் ஒன்னும் ஆகாது, நாங்க கொண்டுபோய் விடறோம்" என்று யாராவது சிறிய படகைக் காட்டினால் ஏறாதீர்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்

- சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. கால் மட்டும் நனைக்கிறேன் என்பதும் வேண்டாம்.
- அலைகளுக்கு நடுவே அலையே இல்லாமல் சாந்தமாகத் தெரியும் பட்டை ஆபத்தானதாக இருக்கலாம். தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குள் திரும்பி ஓடும். அதில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள்.
- படகில் உயிர்காப்பு அங்கி கட்டாயம். நீந்தத் தெரிந்தவருக்கும்தான்.
- லங்காவி, பினாங்கு கடலில் பெட்டி ஜெல்லிமீன் இருக்கிறது. அதன் கொட்டு உயிருக்கே ஆபத்து. கொட்டிய இடத்தைத் தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். வினிகர் ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவசர எண் 999.
- பவளப் பாறை மீது நிற்காதீர்கள். அது உயிருள்ளது. காலையும் கிழிக்கும்.

கிளம்பும் நேரத்தில் மறந்துபோகும் விஷயங்கள்

கிளந்தான், திரங்கானு, கெடா மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளி, சனி. லங்காவியும் கெடாவில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் பல கடைகள் மூடியிருக்கும். ஜொகூர் மட்டும் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது.

சிங்கப்பூர்க் காரில் போனால் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி தேவை. 2025 ஜூலை 1 முதல் அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளுக்கு வரும்போது எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். தீவுகளில் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்பாமல் ரொக்கம் எடுத்துட்டுப் போங்க. கடல் பூங்காக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

திரங்கானு, கிளந்தான் கிராமக் கரைகளில் உள்ளூர்க் குடும்பங்களும் வருவார்கள். அவர்கள் உடையைப் பார்த்து நம் உடையை முடிவு செய்வது மரியாதை.

இனி குழுவில் அடுத்த நீலக் கடல் படம் வந்தால், விலை கேட்கும் முன் மாதத்தைக் கேளுங்கள். ஜூன் என்றால் கிழக்கு. டிசம்பர் என்றால் மேற்கு. மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.