எடை, உயரம், குருதி: தமிழகத்தில் இளங்குழந்தை நலத்தை அளந்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இளங்குழந்தைகளின் உடல்நலத்தை அறிய எடை, உயரம், குருதி ஆகியவை வெவ்வேறு காலங்களில் அளவைகளாகக் கொள்ளப்பட்டன. ஒவ்வோர் அளவையும் முந்தையது காட்டாத குறை ஒன்றை வெளிப்படுத்தியது. எக்குறை அரசின் கவனத்திற்கு வரும் என்பதை அளவையே பெரிதும் முடிவுசெய்தது என்பதை இக்கட்டுரை தமிழகச் சான்றுகளின்வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊட்டச்சத்து, வளர்ச்சி குன்றல், இரத்தசோகை, குடும்பநல ஆய்வு.

முன்னுரை

கடும் நோயும் பசியும் கண்ணுக்குப் புலப்படுவன. நாள்பட்ட ஊட்டக்குறை அத்தகையதன்று. வயதுக்குரிய உயரம் இல்லாத குழந்தை, அதே உயரமுள்ள குழந்தைகள் நிறைந்த ஊரில் இயல்பான குழந்தையாகவே தோன்றும். இக்குறையை அளந்தே அறிய இயலும். எதை அளப்பது, எதனோடு ஒப்பிடுவது என்னும் வினாக்கள் இங்கு எழுகின்றன.

எடை அளவையின் தோற்றம்

மெக்சிகோ மருத்துவர் ஃபெடரிகோ கோமெஸும் அவருடைய குழுவினரும் 1956இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எடைக்குறைவை இறப்பு இடரோடு தொடர்புபடுத்தியது. அவ்வகைப்பாட்டில், வயதுக்குரிய எடையில் 60 விழுக்காட்டுக்கும் குறைந்தோர் மூன்றாம் நிலையினர் ஆவர். 1972இல் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் நான்கு நிலைகள் கொண்ட வகைப்பாட்டை வகுத்தது. அதில் நூறு விழுக்காடாகக் கொள்ளப்பட்டது, பாஸ்டன் நகரக் குழந்தைகளை அளந்து உருவாக்கிய ஹார்வர்டு அளவாகும்.

அதே ஆண்டில் வாட்டர்லோ, உடல் மெலிவையும் வளர்ச்சி குன்றலையும் பிரித்துக் காட்டினார். உயரத்துக்குரிய எடை இல்லாமை அண்மைய இழப்பையும், வயதுக்குரிய உயரம் இல்லாமை நெடுங்காலக் குறையையும் உணர்த்தும். வயதுக்குரிய எடையை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

தமிழகத்தில் வளர்ச்சிக்கோடு

1973இல் வெளிவந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு, உணவு உற்பத்தி, வருவாய், குடும்பத்திற்குள் உணவுப் பங்கீடு ஆகியவற்றை ஒருங்கே நோக்கியது. பால்மறக்கும் பருவத்துக் குழந்தைகளே மிகவும் நலிவுற்றோர் என்பதை அது உணர்த்தியது. இதன் தொடர்ச்சியாக, உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கப்பட்டது.

ஆறு முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். அவ்வெடை வளர்ச்சி அட்டையில் கோடாக வரையப்பட்டது. நைஜீரியாவின் இமேசி ஊரில் பணியாற்றிய டேவிட் மார்லி பரவலாக்கிய முறை இது. கடுமையாக நலிந்தோரோடு, எடை உரிய அளவில் ஏறாதோரும் கூடுதல் உணவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குறைந்தது 90 நாள் உணவு தரப்பட்டது. 500 கிராம் எடை கூடியவர்கள் உணவுப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டனர்.

1982இல் தொடங்கிய முதலமைச்சரின் சத்துணவுத் திட்டத்தில் எடைக்கல்லுக்கு இடமில்லை. இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு அது பொதுவாக உணவளித்தது. ஒரே காலத்தில் ஒரே மாநிலத்தில் இயங்கிய இவ்விரு திட்டங்களும் இருவேறு கொள்கைகளைக் காட்டுகின்றன. முன்னதில் அளவையே உணவுக்கு வாயிலாக இருந்தது. கடும் ஊட்டக்குறை குறைந்தமை அதன் பயன். எடை தேறியதும் உணவு நிறுத்தப்பட்டமையின், குடும்பத்தின் வறுமையும் தாயின் நலிவும் அவ்வளவையின் எல்லைக்கு வெளியே நின்றன.

அளக்கப்படாத உயரம்

1992-93இல் நடந்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் குழந்தைகளின் உயரம் அளக்கப்படவில்லை. களப்பணியின்போது உயரம் அளக்கும் பலகைகள் கிடைக்காமையே காரணம். இதனால் தமிழகத்தின் வளர்ச்சி குன்றல் அளவு அவ்வாய்வில் பதிவாகவில்லை. 1998-99இல் நடந்த இரண்டாம் ஆய்வில் தாயின் உயரமும் எடையும் குருதியும் அளவைக்குள் வந்தன. குழந்தையின் நலம் குடும்பத்தின் நலத்தோடு பிணைந்தது என்னும் கருத்து இங்கு எண்வடிவம் பெற்றது.

ஒப்பீட்டு அளவும் மாறியது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் புதிய வளர்ச்சித் தரங்களை வெளியிட்டது. தாய்ப்பாலும் நல்ல சூழலும் பெற்ற குழந்தைகள் எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒரே வகையில் வளர்வதை அவ்வாய்வு காட்டியது. இந்தியக் குழந்தை பிறப்பிலேயே சிறியது என்னும் வாதம் இதனால் வலுவிழந்தது.

முடிவுரை

2015-16க்கும் 2019-21க்கும் இடையே தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே வளர்ச்சி குன்றல் 27.1 விழுக்காட்டிலிருந்து 25.0 ஆகக் குறைந்தது. அதே இடைவெளியில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளிடையே இரத்தசோகை 50.7இலிருந்து 57.4 ஆக உயர்ந்தது. உயரத்தை மட்டும் நோக்குவோர்க்கு முன்னேற்றமும், குருதியை மட்டும் நோக்குவோர்க்குப் பின்னடைவும் தோன்றும். விரல்நுனிக் குருதியைக் கொண்டு அளக்கும் முறையின் துல்லியம் விவாதத்திற்கு உள்ளானமையும் இங்குக் கருதத்தக்கது. முறையைத் திருத்துவது இன்றியமையாதது. எனினும் அதன் பொருட்டு அளவைத் தொடர்ச்சி அறுபடின், உயரப் பலகை இல்லாத ஆண்டுகளில் நேர்ந்த இழப்பே மீண்டும் நேரும். கொட்டாம்பட்டியில் தொடங்கிய முயற்சி உணர்த்தும் உண்மை மற்றொன்றும் உண்டு: எடை பார்த்த கையே உணவும் அளித்தபோதுதான் அட்டையில் வரைந்த கோடு குழந்தைக்குப் பயன்பட்டது.