சுந்தராம்பாள், கே. பி.

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் இசை நாடக மேடையில் வளர்ந்து, கிராமபோன் தட்டிலும் காங்கிரஸ் மேடையிலும் திரையிலும் பெயர் பெற்ற பாடகி, நடிகை. பாட்டாலேயே கதையை நடத்தும் ஓபராவில் கதாநாயகியாக உச்சக் குரலில் பாடுபவரை மேற்கே சொப்ரானோ என்பார்கள். தமிழகத்தில் அந்த இடத்துக்கு ஒருவரைச் சொல்லச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருபவர் இவர்தான். ஓபராக்காரர்கள் இசைப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் கற்பதை இவர் நாடகக் கொட்டகையில், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் கற்றார்.

மேடையின் பின்புலம்

அந்த மேடையை உருவாக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று அவர் எழுதிய நாடகங்களே அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்நாட்டின் கொட்டகைகளை நிரப்பின. 1918இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று அறியப்பட்டவர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். இப்படிச் சிறுவர்களையே வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடமும் பையன்களுக்கே. தொண்டை உடைந்த அன்று ஸ்திரீபார்ட் என்ற அந்தப் பெண் வேடமும் போய்விடும்.

பெண்கள் பெயரெடுக்க வழிவிட்டது ஸ்பெஷல் நாடகம். கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. முன்பின் பார்த்திராத இருவர் இராத்திரி மேடையில்தான் வள்ளியும் வேலனுமாகச் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கும். இந்தத் தொழிலுக்கு இன்றும் மதுரைதான் தலைமையிடம். சுற்றுவட்டச் சமவெளி ஊர்களின் கோயில் திருவிழாக்களுக்கு நாடகம் பேச வருகிறவர்கள் மதுரைக்குத்தான் வருவார்கள். கேட்பதும் பெரும்பாலும் வள்ளி திருமணம்தான்.

அந்த நாடகத்தில் பாடகியின் தரம் தெரிகிற இடம் இரண்டு. ஒன்று, தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பறவை விரட்டும் பாட்டு. சொல் குறைவு, குரல் நீண்டு போய்க் கடைசி வரிசையைத் தொட வேண்டும். மற்றொன்று தர்க்கம். வேலன் ஒரு ராகத்தில் கேள்வியைப் போடுவான். வள்ளி அதே ராகத்தில், அதே சுருதியில் பதிலைத் திருப்பி எறிய வேண்டும். பக்கத்தில் ஹார்மோனியக்காரர் காலால் துருத்தியை மிதித்து, கையால் வாசித்து, பின்பாட்டும் பாடுவார். ஒலிபெருக்கி இல்லாத நாளில் ஆண்களும் நாலு கட்டை, ஐந்து கட்டைச் சுருதிக்கு ஏறியே ஆகவேண்டும். ஏற முடியாதவருக்கு மறுபடி அழைப்பு வராது.

ஓபரா பாடகியும் மைக் இல்லாமல்தான் பெரிய அரங்கை நிரப்புகிறார். ஆனால் அவர் உச்சத்தில் தலைக்குரலுக்கு மாறி, குரலை உருட்டி அனுப்புவார். நம் மேடையில் தொண்டையைத் திறந்து, நெஞ்சிலிருந்து நேராக எடுப்பார்கள். எவ்வளவு மேலே போனாலும் சொல் சிதையக் கூடாது. சுந்தராம்பாளின் தட்டுகளைக் கேட்பவர்கள் முதலில் கவனிப்பது இதைத்தான்: உச்சத்தில் நிற்கும்போதும் ஒவ்வோர் எழுத்தும் தெரியும்.

இளமையும் கிட்டப்பாவும்

காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக ரயிலில் பாடியதைக் கேட்டவர்கள் நாடகத்துக்கு அழைத்துப் போனதாக ஒரு செய்தி வழங்குகிறது. எப்படியானாலும், வேலு நாயர் கம்பெனியில் பால வேடங்களில் தொடங்கி, இருபது வயதுக்குள் தமிழகத்திலும் இலங்கையிலும் பெயர் தெரிந்த ஸ்திரீபார்ட் ஆகிவிட்டார்.

1926இல் கொழும்பில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் முதன்முதலாக ஜோடி சேர்ந்தார். கிட்டப்பாவின் குரல் அந்நாளில் வித்துவான்களே வியந்த குரல். சுந்தராம்பாளுக்கு எதிரே நின்று பாடித் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவரையே சிலர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். இருவரும் அடுத்த ஆண்டு மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி உண்டு. வாழ்க்கை அமைதியாகப் போகவில்லை. அவர்களின் கடிதங்களே அதற்குச் சாட்சி. மேடையில் மட்டும் குறை தெரியவில்லை. இரண்டு உச்சக் குரல்கள் தர்க்கத்தில் மோதுவதைக் கேட்க ஜனம் திரண்டது.

1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா காலமானார். வயது முப்பதைத் தொடவில்லை. இருபத்தைந்து வயது சுந்தராம்பாள் அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான் கட்டினார். எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். இவர் தொழில் வாழ்க்கையின் திருப்பம் இதுதான். காதல் நாயகியாகப் பழகிய ஒரு குரலுக்கு இனிக் காதலன் இல்லாத வேடம் தேட வேண்டியிருந்தது.

திரையில்

முதலில் கிடைத்தது ஆண் வேடம். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் இவர் நந்தனார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். இவர் வாங்கிய ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். படத்தைத் தட்டிக்கழிக்கவே அந்தத் தொகையைக் கேட்டார், தயாரிப்பாளர் ஹசன்தாஸ் சரி என்றுவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தொகை நாடெங்கும் பேச்சானது. படத்தை ஆனந்த விகடனில் கல்கி கேலி செய்து எழுதினார்.

அடுத்து 1940இல் மணிமேகலை. பிறகு நீண்ட இடைவெளி. 1953இல் ஜெமினியின் ஒளவையார், எஸ். எஸ். வாசன் தயாரிப்பில், கொத்தமங்கலம் சுப்பு இயக்கத்தில் வந்தது. துறவி மணிமேகலை, முதுமையைக் கேட்டுப் பெற்ற ஒளவை என்று இந்த வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாருமே இல்லறத்துக்கு வெளியே நிற்பவர்கள். வேடம் இவரைத் தேடி வந்தது என்பதைவிட, இவருடைய விரதத்துக்கு ஏற்பப் படங்கள் எழுதப்பட்டன என்பதே பொருத்தம்.

1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள். வசனம் மு. கருணாநிதி. பகுத்தறிவு இயக்கத்தவர் ஒருவர் எழுத, திருநீறு இல்லாமல் வெளியே வராத சுந்தராம்பாள் சமணத் துறவியாக நடித்ததைத் தமிழ்த் திரையின் இனிய முரண்களில் ஒன்றாகவே கொள்ளலாம். திருவிளையாடல் (1965), கந்தன் கருணை (1967) இரண்டிலும் மறுபடி ஒளவை. முருகனை அழைத்து இவர் பாடியவை இன்றும் கோயில் ஒலிபெருக்கிகளில் விடியற்காலையில் கேட்கின்றன. மைக் இல்லாமல் பாடி வளர்ந்தவர் என்பதால் ஒலிப்பதிவுக் கூடத்திலும் இவர் குரலைச் சுருக்கிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் மைக்கிடம் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்ட காலத்தில், இவர் கடைசி வரிசைக்கே பாடிக்கொண்டிருந்தார்.

அரசியல்

தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் கூட்டங்களில் பாடத் தொடங்கினார். தலைவர் பேசுமுன் கூட்டம் சேர்ப்பதும், சேர்ந்த கூட்டத்தைக் கலையாமல் வைப்பதும் இவர் பாட்டின் வேலை. மோதிலால் நேருவின் மறைவு பற்றிய பாட்டு போன்றவை தட்டுகளாகவும் பரவின. கொடுமுடி வீட்டுக்குக் காந்தி வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறினார் என்றும், உண்டு முடித்த காந்தி தட்டையும் கேட்டு வாங்கிக் கட்சி நிதிக்கு ஏலம் விட்டார் என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். பின்னர்ச் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். திரைத்துறையிலிருந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர்களில் இவர் மிக முந்தியவர்.

விருதுகள், இறுதிக் காலம்

1969ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது துணைவன் படத்துக்காக இவருக்குக் கிடைத்தது. அந்தப் படத்தில் நடித்தவரும் பாடியவரும் இவரே. திரைக்குப் பின்னாலிருந்து வேறொருத்தி வாயசைக்கப் பாடும் வேலை இவருக்கு ஒருபோதும் தொழிலாக இருந்ததில்லை. 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். 1973இல் காரைக்கால் அம்மையார் படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமி நடிக்க, பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையாராக இவர் வந்தார். 1980 செப்டம்பரில் காலமானார்.