ஆறு நரம்பும் முதற்பாடமும்



காலை எட்டு மணிக்கு எலவனாசூர்கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் ஒரு காட்சியைக் காணலாம். உளுந்தூர்ப்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் படிக்கச் செல்லும் பிள்ளைகளுள் யாரேனும் ஒருவர், புத்தகப் பையோடு உறையிட்ட கிதார் ஒன்றையும் சுமந்து நிற்பார். அருகில் நிற்கும் பெரியவர்கள் இரண்டு கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வார்கள். அயல்நாட்டுக் கருவி நமக்கு எதற்கு என்பது ஒன்று. பள்ளிப் படிப்போடு இதுவும் நடக்குமா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. இரண்டாவதற்கு, நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் நான் சிறிது சொல்லக்கூடும்.

ஒரு கருவி எங்கே பிறந்தது என்பதை வைத்து அது யாருடையது என்று முடிவு கட்டுதல் எளிது, ஆனால் சரியன்று. அதன் முதற்பாடம் யாருடைய முறையில் அமைந்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. இதனை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், மாடு மேய்க்கும் இடையன் ஒருவனை நமக்குக் காட்டுகிறார். அவன் தீக்கடைகோலால் துளையிட்ட குழலில் பாலைப்பண்ணை ஊதுகிறான். அது சலித்ததும், உள்ளே துளையுள்ள குமிழ மரக்கொம்பை வளைத்து, மரல் நாரைக் கட்டி, வில்யாழ் ஒன்று செய்து குறிஞ்சிப்பண்ணை மீட்டுகிறான். ஆசிரியர் இல்லை, அரங்கம் இல்லை, மேய்ச்சலுக்கு நடுவே கிடைத்த ஓய்வுதான் அவனுடைய பள்ளி. தொழிலொன்று செய்துகொண்டே இசை பயின்ற இளைஞனை நம் இலக்கியம் இவ்வளவு தெளிவாகக் காட்டுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். இதற்கு மறுகோடியில் இருப்பவள் சிலப்பதிகாரத்து மாதவி. ஐந்தாம் வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியவள் அவள். ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவளைச் சூழ நின்றவர்களின் இலக்கணத்தையே இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார்.

யாழைப் பற்றி ஒன்று நினைவிற் கொள்ளவேண்டும். அதற்கு வீணையைப் போல மெட்டுகள் இல்லை. ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. செங்கோட்டியாழுக்கு ஏழு நரம்பு, சகோடயாழுக்குப் பதினான்கு, பேரியாழுக்கு இருபத்தொன்று என்று பழைய உரைகள் கூறும். கட்டிய நரம்புக்குரிய சுரந்தான் எழும். இரு சுரங்களுக்கிடையே குரல் வளைந்து நெளிந்து செல்லும் நுட்பத்தை அதில் முழுமையாகக் கொண்டுவருதல் அரிது.

இக்குறை வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றைப் பெரியபுராணம் கூறுகிறது. அதில் வரும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் எங்கள் பகுதிக்கு அயலார் அல்லர். எலவனாசூர்கோட்டையிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வழியாக விருத்தாசலம் சென்றால், அதன் பக்கத்தில் இராசேந்திரப்பட்டினம் என இன்று வழங்கும் ஊர் வரும். அதுவே பழைய திருஎருக்கத்தம்புலியூர். யாழ்ப்பாணர் பிறந்த ஊர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாட, இவர் உடனிருந்து யாழில் வாசித்து வந்தார். தருமபுரத்தில் பாணருடைய உறவினர், சம்பந்தர் பாடலுக்குப் புகழ் வந்ததே யாழின் துணையால்தான் என்று பேசினர். பாணருக்கு அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று அவரே சம்பந்தரை வேண்டிக்கொண்டார். சம்பந்தர் பாடினார். பாணர் முயன்றார், நரம்பு பின்தொடர மறுத்தது. யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு வாசிக்க என்றார். அப்பதிகம் ‘யாழ்முரி’ என்ற பெயரால் இன்றும் ஓதப்படுகிறது.

இதனைப் பக்திக் கதையாக மட்டும் படித்து விட்டுவிடுகிறோம். இசைக்கருவி வரலாற்றில் இஃது ஒரு முக்கியமான சான்று. மெட்டில்லாத, ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உள்ள கருவியின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்தக் கருவியிலேயே வல்லவர் ஒருவர் கண்டுகொண்ட இடம் அது. பின்னர் யாழ் மெல்ல வழக்கொழிந்தது. மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் நெடுநாள் ஆராய்ந்து எழுதிய ‘யாழ்நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது, தமிழர் தம் பழங்கருவியைக் கணக்கின் வழியாகவே மீட்டுக் காணவேண்டிய நிலை இருந்தது. யாழுக்குரிய பயிற்சிப்பாடம் தலைமுறை வழியாக நம் கைக்கு வந்து சேரவில்லை. ஆதலால் கருவியும் வந்து சேரவில்லை.

பாடம் எழுதி வைக்கப்பட்டதற்குச் சான்று வேறோரிடத்தில் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள் நான்கு நான்கு சுரங்களாகப் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. எழுத்து கிரந்தம், எழுத்தமைதியால் ஏழாம் நூற்றாண்டினது என்பர். உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணாக்கரின் நன்மைக்காக இதனைச் செய்தான் என்று கல்வெட்டே கூறுகிறது. அவ்வரசன் மகேந்திரவர்ம பல்லவனா அல்லனா என்று அறிஞர் வழக்காடுவர், அவ்வழக்கு நடக்கட்டும். மாணாக்கருக்காக ஓர் அரசன் பாறையைப் பயிற்சி ஏடாக்கினான் என்பதே பள்ளி ஆசிரியனாகிய என் நெஞ்சில் நிற்பது.

யாழ் விட்ட இடத்தை வீணை பிடித்தது. இருபத்து நான்கு மெட்டுகள் மெழுகின்மேல் உயர்த்திப் பதிக்கப்பட்டவை. நரம்பு தளர்ந்து நிற்கும். மெட்டின்மேல் வைத்து ஒருபுறமாக இழுத்தால் அடுத்தடுத்த சுரங்கள் வளைந்து எழும். கமகம் எனப்படும் அந்த வளைவுக்காகவே வடிவமைத்ததுபோல் அக்கருவி அமைந்துவிட்டது. தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அதன் இன்றைய அமைப்பு நிலைபெற்றது என்பர்.

இனி வயலினைப் பார்ப்போம். இன்று கருநாடக இசைக் கச்சேரியில் வயலின் இல்லாமல் பாட்டு நடப்பதில்லை. அதனை அயல்நாட்டுக் கருவி என்று எவரேனும் ஒதுக்குகின்றனரா? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) இளமையில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில், அவ்வூர் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தார். ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு அச்சகோதரர்களுக்குக் கிடைத்தது. தமையனார் அம்மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல் புனைந்தார். தம்பி ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் மூன்றாண்டு வயலின் கற்றார் என்பது மரபுச் செய்தி. கற்றது ஐரோப்பிய முறை. பின்னர் வாசித்ததோ நம் இராகங்கள். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அக்கருவியில் அடைந்த தேர்ச்சிக்காகத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலினை அவருக்குப் பரிசளித்தார்.

இம்மாற்றத்தில் கருவியின் உடலில் ஒரு சிறு மரத்துண்டுகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியவை மூன்று. நின்று தோளில் தாங்கி வாசித்ததை, தரையில் அமர்ந்து அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தனர். நரம்புகளைச் சட்சமம், பஞ்சமம், மீண்டும் சட்சமம், பஞ்சமம் எனச் சுருதி கூட்டினர். மூன்றாவதாக, தொடக்கக்காரனின் கையில் ஐரோப்பியப் பயிற்சி நூலுக்குப் பதிலாகச் சரளி வரிசையைக் கொடுத்தனர். இம்மூன்றனுள் கடைசியே தலையாயது என்பேன். மேதைகள் ஒரு கருவியை அறிமுகப்படுத்தலாம். ஊர்தோறும் சரளி வரிசையைத் தட்டுத்தடுமாறி இழுத்த சிறுவர் சிறுமியரே அதனை நம்முடையதாக்கினர்.

கிதாருக்கு வருவோம். அதன் இன்றைய உருவத்தை ஸ்பெயின் நாட்டில் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்ற கைவினைஞர் நிலைநிறுத்தினார். முன்னாளில் அதன் நரம்புகள் விலங்குக் குடலால் திரிக்கப்பட்டவை. நைலான் வந்தது 1940களின் பிற்பகுதியில்தான். ஆகவே ‘நரம்புக்கருவி’ என்ற நம் சொல் யாழுக்குப் போலவே அதற்கும் நேரே பொருந்தும். தமிழ்நாட்டில் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர் இல்லங்களிலும் தேவாலயங்களிலும் அது ஒலித்தது. பின் சென்னைத் திரைப்பட இசைக்குழுக்களில் இடம்பெற்றது. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்று, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது நாங்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்ற நாள்களை என் வயதொத்தவர் மறந்திருக்கமாட்டார்கள்.

எனினும் கமகம் என்ற பழைய சிக்கல் இங்கும் எதிர்ப்படுகிறது. கிதாரின் மெட்டு தாழ்வானது, நரம்போ இறுக்கமானது. இத்தகைய குறைக்காகவே நம் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971இல்தான் அத்தடையைத் தளர்த்தியது. கிதார்க்காரர்கள் இதற்கு வெவ்வேறு வழி தேடினர். செய்ப்பூர் விசுவமோகன் பட் கருவியையே திருத்தி, மெட்டைத் தொடாமல் உலோகத் தண்டை நரம்பின்மேல் வழுக்கி வாசித்து, 1994இல் கிராமி விருது பெற்றார். இராணிப்பேட்டைக்காரரான பிரசன்னா கருவியை மாற்றவில்லை, விரலைப் பழக்கினார். அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர் என்பதைப் பெற்றோர்கள் குறித்துக்கொள்ளலாம்.

என் பணிக்காலத்தின் இறுதி ஆண்டுகளில், தையற்கடை வைத்திருந்த ஒருவர் பத்தாம் வகுப்பில் பயிலும் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “ஐயா, இது படிப்பைக் கெடுக்காதா? நீங்கள் சொன்னால் விற்றுவிடுகிறேன்” என்றார். “எவ்வளவு நேரம் வாசிக்கிறாய், அம்மா?” என்று கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஐயா. மூன்று மணி நேரம். விரல் வீங்கிவிடுகிறது” என்றாள்.

விற்கவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியை நாள்தோறும் இருபது நிமிடமாகப் பிரித்துக்கொள் என்றேன். எபிங்கவுசு என்ற செருமானிய அறிஞர் 1885இலேயே, ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதைவிட இடைவெளி விட்டுப் பயில்வது நிலைக்கும் என்று ஆய்ந்து எழுதினார். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் படித்தது. விரல் நுனியில் தோல் தடிக்கச் சில வாரமாகும். அதுவரை எஃகுக் கம்பியைவிட நைலான் நரம்பே நல்லது. அவள் அவ்வாறே செய்தாள். அவ்வாண்டு அவளுடைய மதிப்பெண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கடைகளில் கிதார் கற்கத் தமிழ்ப்பாடநூல் கிடைத்ததில்லை. தேவாரம் ஓதும் ஓதுவார் ஒருவர் அவளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுத்தார். கிதார் வைத்திருப்போர் நீங்களும் முயலலாம். ஒரே நரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தாத நரம்பு ‘ச’. முதல் மெட்டு ‘ரி’, நான்கு ‘க’, ஐந்து ‘ம’, ஏழு ‘ப’, எட்டு ‘த’, பதினொன்று ‘நி’, பன்னிரண்டு மேல் ‘ச’. இதுவே தொடக்கக்காரருக்கென நம் முன்னோர் வகுத்த மாயாமாளவகௌளை. ஒன்று, மூன்று, ஒன்று என்ற இடைவெளி கீழ்ப்பாதியிலும் மேற்பாதியிலும் ஒன்றுபோல் வருவதைக் காண்பீர்கள். ஒரு பாதியில் விரல் கற்றதை மறுபாதியில் புதிதாகக் கற்கவேண்டுவதில்லை. அளவுகோலும் வைத்துப் பாருங்கள். நரம்பின் நீளம் 65 சென்டிமீட்டர் என்றால் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 32.5இல் நிற்கும். ஏழாம் மெட்டிலிருந்து குதிரை வரை மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். பிழை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இயற்பியல் ஆசிரியரிடம் காரணம் கேளுங்கள்.

சில திங்கள் கழித்து அப்பெண் மீண்டும் வந்தாள். ஓதுவார் பாடும்போது ‘க’விலிருந்து ‘ம’வுக்குக் குரல் இழைந்து செல்கிறது, தான் நரம்பை ஒருபுறமாக இழுத்தால் அவ்வளவு வரவில்லை, ஆகவே அழுத்திய விரலை எடுக்காமல் நரம்பின் வழியே வழுக்கிச் செல்கிறேன், அது தவறா என்று கேட்டாள். ஓதுவாரையே கேட்டோம். அதற்கு ‘ஜாரு’ என்று பெயர், வீணையிலும் உண்டு என்றார் அவர். பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் தன் ஏட்டில், எந்த மெட்டிலிருந்து எந்த மெட்டுக்கு என்று எண் இட்டு, வரிசை வரிசையாக எழுதத் தொடங்கினாள்.