வசவுக்கும் ஒரு வரலாறு உண்டு

"இப்பல்லாம் யாருக்கும் மரியாதையே தெரியல சார்." ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கண்டக்டர் எரிந்து விழுகிறார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் எழுபது வயதுக்காரரை ஒருமையில் விரட்டுகிறார். பைக்கில் பறக்கிற பையன், ரோட்டைக் கடக்கும் கிழவியைத் திட்டிவிட்டுப் போகிறான். எல்லாம் உண்மைதான். ஆனால் "அந்தக் காலத்துல இப்படியா இருந்தாங்க?" என்று பேச்சு திரும்பும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று எங்களை வளர்த்தவரின் மகன். அந்தக் காலத்தில் மரியாதை இருந்தது, சரி. யாருக்கு இருந்தது?

எங்கள் பக்கத்து வரலாற்றில் அவமதிப்பைப் பற்றிய பெரிய பாடம் வேலூர்க் கோட்டையில் இருக்கிறது. 1806-இல் சிப்பாய்கள் நெற்றியில் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் போடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு வந்தது. அதோடு, விலங்குத் தோலில் செய்த சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகை ஒன்றும் வந்தது. சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக், ஆளுநர் வில்லியம் பென்டிங்க். தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்களில் இருவருக்கு ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி விதித்தார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எதிரில் நிற்பவனின் மானத்தை ஒரு பொருட்டாகவே எண்ணாத அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த விடிகாலை சாட்சி.

அன்று சிப்பாய் தலையில் ஏற்க மறுத்த அதே தோல், பிறகு பாலாற்றங்கரை ஊர்களுக்கு வாழ்வு கொடுத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் அதனால் வளர்ந்தவை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் படைவீரர்களின் பூட்ஸுக்கு இந்தத் தோல் தேவைப்பட்டது. தோல் கடல் தாண்டி மதிப்புப் பெற்றது. அதைத் தொட்டு வேலை செய்தவனுக்கு ஊருக்குள்ளேயே மதிப்பில்லை.

1960-களில் பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷாப்பில் அப்பா வேலை செய்தார். சுண்ணாம்பில் ஊறிய தோலைத் தொட்டியிலிருந்து இழுத்துப் போட்டு, மொட்டைக் கத்தியால் மயிரைச் சுரண்ட வேண்டும். பிறகு வளைந்த மரப்பலகை மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கூர்க்கத்தியால் சதையைச் சீவ வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தோல் கிழியும், கொஞ்சம் விட்டால் சதை தங்கி அழுகும். அப்படிப்பட்ட கைப்பழக்கம் உள்ளவரை, மேஸ்திரியின் பதினைந்து வயது மகன் "டேய், இங்க வாடா" என்று கூப்பிடுவான். அப்பா "இதோ வரேன் சாமி" என்று போவார். சனிக்கிழமை கூலியை மேஸ்திரி கையில் வைக்க மாட்டார். ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவார். சுண்ணாம்பு தின்ற விரல் இடுக்கில் காசு நழுவி விழும். குனிந்து பொறுக்குவார். அதைப் பார்த்த யாருக்கும் மரியாதை கெட்டுப்போனதாகத் தோன்றவில்லை. அதுதான் வழக்கம்.

எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி யாருக்கும் ஒரே அண்டாவிலிருந்துதான் வரும். கிராமத்து டீக்கடையில் தனிக் குவளை கண்டிருந்த எனக்கு, ஊர்ப் பையன்களோடு ஒரே வரிசையில் தூக்குவாளி நீட்டி நின்றதே ஒரு கல்வி.

பழைய பழக்கங்களில் போற்றத்தக்கதும் இருந்தது. வேலூருக்குப் பக்கத்தில் பொய்கை மாட்டுச் சந்தை செவ்வாய்க்கிழமை கூடும். அங்கே தரகர் விலையைக் கூவ மாட்டார். துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் பிடித்துப் பேசுவார். கஷ்டத்துக்கு மாட்டை விற்க வந்தவன் எவ்வளவுக்கு இறங்கினான் என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. இல்லாதவனின் முகத்தைக் காப்பாற்றிய நாகரிகம் அது. வியாபார ரகசியமும் அதில் உண்டு என்றாலும், விற்றவன் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போக முடிந்தது.

தோல் ஷாப்பில் நின்றவனுக்கு மரியாதை தானாக வரவில்லை, கேட்டு வாங்கப்பட்டது. 1922-இல் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான், தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு அரசு ஆவணங்களில் இழிவாக எழுதப்பட்டு வந்த பெயர் போய் 'ஆதிதிராவிடர்' வந்தது. 1931-இல் வந்த ராயல் தொழிலாளர் ஆணைய அறிக்கை, தோல் பதனிடும் இடங்களைத் தொழிற்சாலைச் சட்டம் எட்டாத கூடங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தீண்டாமையைக் கடைப்பிடிப்பது குற்றம் என்று 1955 சட்டம் சொன்னது. பொது இடத்தில் இழிவுபடுத்தினால் சிறை என்று 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொன்னது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர் சங்கம் கட்டி எழுந்த கதையை டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதினார். அதற்கு 2012-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. "வாங்க" என்கிற ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது.

இதற்குள் தொழிலின் வேகம் மாறியது. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோம் டிரம்மில் ஓரிரு நாளில் பதமாகியது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு வரம்பு கட்டியது. தோலை அனுப்பிய ஊர்கள் ஷூ அனுப்பத் தொடங்கின. கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். என் தங்கையும் ஒருத்தி.

அவள் வேலை செய்த கம்பெனியில், ஸ்டிச்சிங் லைன் தலைமாட்டில் ஒரு போர்டு இருக்கும். மணிக்கு எத்தனை ஜோடி முடிய வேண்டும், எத்தனை முடிந்தது என்று எழுதுவார்கள். எண் குறைந்தால் சூப்பர்வைசர் குரல் ஏறும். "வூட்ல போய் தூங்குடி" என்பது அவர் வாயில் வரும் சாதாரணப் பேச்சு. அவர் நல்ல குடும்பத்துப் பையன், தங்கையை விடப் பத்து வயது சின்னவர். அவருக்கு மேலே ஒரு மேனேஜர், அவருக்கு மேலே கப்பல் ஏற்ற வேண்டிய தேதி. தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனி தலையில் விழும். ஐரோப்பாவில் ஷூ வாங்குகிறவர்களிடமிருந்து கிளம்பும் அந்த அவசரம், படிப்படியாக இறங்கி, கடைசியில் மிஷின் முன்னால் உட்கார்ந்த பெண்ணின் காதில் வசவாக விழுகிறது. அப்பா காலத்து வசவு பிறப்பைப் பார்த்து வந்தது. தங்கை காலத்து வசவு கடிகாரத்தைப் பார்த்து வந்தது. இன்று பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் நாம் கேட்பதும் பெரும்பாலும் இந்தக் கடிகார வசவுதான். முன்பு வாங்காதவர்களும் இப்போது வாங்குகிறார்கள். அதனால்தான் மரியாதை குறைந்துவிட்டது என்கிற குரல் இவ்வளவு உரக்கக் கேட்கிறது.

பழைய பிறப்பு வசவும் போய்விடவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது. 2015 ஜனவரி 31 அன்று விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் தெருவில் அன்று "வடநாட்டு ஆளுங்களாம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்கள். இன்று அவர்களை "வடக்கன்" என்கிறோம். வயது பார்க்காமல் "டேய்" என்கிறோம். சொல்கிறவர்களில் பலர், என்னைப் போலவே, சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். என்னைச் சுடுவது இதுதான்.

மரியாதை கெட்டுப்போச்சு என்று வருந்துகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. பழைய காலத்தைத் திரும்பக் கேட்காதீர்கள், அது பாதிப் பேருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில், கம்பெனியில், வீட்டு வாசலில், நம்மிடம் திருப்பிப் பேச முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். சாக்கடை அள்ள வருகிறவர், டிரம்முக்குத் தோல் தூக்குகிற வங்காளத்துப் பையன், லைனில் உட்கார்ந்திருக்கும் பெண் ஆகியோரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "வாங்க" என்று கூப்பிடுங்கள். கூலியைக் கையில் கொடுங்கள்.