உலைச் சல்லடை

நிலக்கரி எரியும் கொல்லுலையின் அடியில், ஊதியிலிருந்து வரும் காற்றைத் தீக்குள் பரப்பும் துளையிட்ட தட்டு. உலையில் முதலில் தேய்ந்து போகும் பாகமும் இதுதான். காற்று ஓடும்வரை தட்டு ஓரளவு குளிர்ந்திருக்கும்; ஊதி நின்றதும் மேலிருக்கும் தணல் அதைச் சுட்டெரிக்கிறது. உருகிய சாம்பல் கசடாகித் துளைகளில் படிந்து, உலோகத்தையும் அரிக்கிறது.

தட்டு செய்யப் பயன்படும் பொருள்களில் வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1,150 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். செதில் உரிந்து மெலிவதிலும் மென்எஃகைவிடப் பொதுவாக நிதானமானது. ஆனால் சூட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். மென்எஃகு மலிவு, 10 முதல் 12 மி.மீ. தடிப்புள்ள தகடு தாராளமாக உழைக்கும், மெல்லிய தகடு வீண். சுமார் 25 விழுக்காடு குரோமியமும் 20 விழுக்காடு நிக்கலும் கொண்ட 310 வகைத் துருப்பிடிக்கா எஃகு மிக நீடித்தது, விலையும் அதிகம். துத்தநாகம் பூசிய இரும்பை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது: துத்தநாகம் 907 பாகையில் கொதித்து, காய்ச்சல் தரும் புகையாகும்.

எதனால் செய்தாலும் தட்டைப் பற்றவைக்காமல், எடுத்து மாற்றும்படி பள்ளத்தில் சும்மா அமர்த்துவதே நல்லது. பக்கவாட்டில் காற்றூதும் மரபு உலைகளில் சல்லடை கிடையாது; சுடுமண் குழலே தீயைத் தாங்குகிறது.